நாவலரும் முதலியாரும்: வள்ளலாரை அளந்த ஒரே கோல்

வள்ளலாரின் நெறியை வெளியிலிருந்து திரித்தவர் ஆறுமுக நாவலர். உள்ளிருந்து காத்தவர் வள்ளலாரின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். இப்படிப் பிரித்துச் சொல்வது நம் வழக்கம். இருவரையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கோடு கலைந்துவிடுகிறது.

1867-இல் முதல் நான்கு திருமுறைகளை அச்சேற்றியவர் முதலியார். பாடல்களுக்குத் 'திருவருட்பா' என்றும் பாடியவருக்குத் 'திருவருட்பிரகாச வள்ளலார்' என்றும் பெயர் சூட்டியவர் அவரே. பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தவரும் அவரே. வள்ளலாரோ, 'இராமலிங்கசாமி' என்று தம்மை அழைப்பதையே விரும்பாதவர்.

நாவலர் பக்கம் வருவோம். அவருடைய 'போலியருட்பா மறுப்பு' என்ற நூல் கடிந்து பேசியவற்றுள் இந்தப் பெயர்களும் இந்த வகுப்பும் முக்கியமானவை. ஆசிரியரைத் தேவார ஆசிரியர்களின் வரிசையில் அமர்த்த வேண்டும் என்பது மாணவரின் பக்தி. அந்த வரிசையில் புதியவர் எவரும் அமரலாகாது என்பது நாவலரின் பக்தி. ஒருவர் ஏற்றினார், மற்றவர் இறக்கினார்; இருவர் கையிலும் இருந்த அளவுகோல் சைவத் திருமுறை ஒன்றுதான்.

வள்ளலார் அந்த அளவுகோலையே விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார். 1872-இல் வகுத்த வடலூர் ஞானசபை வழிபாட்டு விதியில் ஆகமச் சடங்குகளுக்கு இடமில்லை. சோதியே வழிபடு பொருள். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் நிகழ்த்திய பேருபதேசத்தில், சைவத்தில் தமக்கு முன்பிருந்த அளவிறந்த பற்றையும் அதை விட்டுவந்ததையும் அவரே கூறினார். இந்த மாற்றத்தை உரக்கச் சொல்லும் ஆறாம் திருமுறை 1885-இல்தான் அச்சேறியது. அதற்குள் நாவலர் மறைந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாதமும் எதிர்வாதமும் மூண்டபோது, முடிந்த முடிபைச் சொல்லும் நூல் படிப்பவர் கைக்கு வந்திருக்கவே இல்லை.

இங்கே ஒரு வியப்பு காத்திருக்கிறது. இப்பாடல்கள் சைவத் திருமுறை ஆகா என்ற நாவலரின் முடிவு, அவர் கருதாத காரணத்தால், பிற்கால வள்ளலாருக்கு அருகில் வந்துவிடுகிறது. திருமுறையே என்ற மாணவரின் முடிவு வள்ளலாரை விட்டு விலகி நிற்கிறது. இதைக் கொண்டு முதலியாரைக் குறை கூறுவது நியாயமாகாது. அவருடைய உழைப்பு இல்லையேல் அப்பாடல்கள் நூலாகி நம்மிடம் வந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் 1882-இல் பிரம்மஞான சபையாரிடம், அச்சபையின் வருகையைத் தம் ஆசிரியர் முன்னறிவித்ததாக அவர் வாக்குமூலம் அளித்தார். ஆசிரியரை ஏதேனும் பெரிய மரபோடு சேர்த்து உயர்த்திக் காட்டும் அதே அன்பு அதிலும் தெரிகிறது.

அத்தகைய அன்பு ஞானசபைக்குள்ளும் வேலை செய்தது. வள்ளலாருக்குப் பின் வடலூர் ஞானசபையில் இலிங்க வழிபாடு புகுந்தது. வள்ளலார் வகுத்த விதிப்படியே வழிபாடு நடக்க வேண்டும் என்று 2006-இல் இந்து சமய அறநிலையத் துறை ஆணையிட வேண்டியிருந்தது. வெளியார் மறுப்பு வெளியிலேயே நின்றது. உள்ளார் அன்பு கருவறை வரை சென்றது.

எனவே, ஒரு நெறியைப் பற்றிப் பேசுபவர் உள்ளிருப்பவரா வெளியில் நிற்பவரா என்று கேட்பது மட்டும் போதாது. ஆசிரியர் இறுதியாகச் சொன்னதை வைத்துப் பேசுகிறாரா, அவர் விட்டு வந்ததை வைத்துப் பேசுகிறாரா என்றும் கேட்க வேண்டும். வள்ளலாரைப் படிக்க வருபவர் ஆறாம் திருமுறையையும் 1872-இன் விதியையும் முதலில் கையில் எடுத்தால், நாவலருக்கும் முதலியாருக்கும் ஒருசேர நீதி செய்தவராவார்.