பாதாள லிங்கத்திலிருந்து மேலே

வார்டில் படுக்கைப்புண் நோயாளியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்க் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் நினைவுக்கு வரும். 1896-இல் அங்கே, நிலத்தடியிலுள்ள பாதாள லிங்க சன்னதியின் இருட்டில், பதினாறு வயது வேங்கடராமன் (பின்னாளில் ரமணர்) அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூச்சிகள் அரித்துத் தொடையின் அடிப்புறமெல்லாம் புண். சீழும் ரத்தமும் கசிந்தன.

வேங்கடாசல முதலியார் என்பவர் உள்ளே போய்க் கூப்பிட்டும் பதிலில்லை. பக்கத்துப் பூந்தோட்டத்திலிருந்து ஆட்களை அழைத்து வந்தார். அப்படியே தூக்கிப் படியேறி, சுப்பிரமணியர் சன்னதி முன் இறக்கினார்கள். அப்போதும் கண் திறக்கவில்லை.

துவண்ட உடம்பு இருமடங்கு கனக்கும், எங்களைக் கேளுங்கள்! தரையோடு இழுத்திருந்தால் புண் உரிந்திருக்கும். இன்றைக்கு விரிப்போடு சேர்த்துத் தூக்குகிறோம். தனியாளாகத் துணியாமல் ஆள் சேர்த்தாரே முதலியார், அதுதான் சரியான முறை.