இரும்புக்கும் மரத்துக்கும் கல்யாணம்

வீட்டில் மிக்ஸி ஜாரின் மூடி உடைந்துபோகிறது. கடைக்குப் போய் கம்பெனி பெயரையும் மாடலையும் சொன்னால் போதும், புது மூடியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் 'டக்'கென்று உட்கார்ந்துவிடுகிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நாம் யோசிப்பதுகூட இல்லை. (சில சமயம் உட்காராது. அப்போது மட்டும் கடைக்காரரைத் திட்டுவோம்!)

இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்த 'டக்' உலகத்தில் அநேகமாகக் கிடையாது. அதைத் தேடி மனிதன் அலைந்த கதையில் பெரும்பகுதி துப்பாக்கிக் கதைதான். அதிலும் கடைசிவரை முரண்டு பிடித்தது இரும்பு அல்ல, மரம்! துப்பாக்கியின் குழலைத் தாங்கிக்கொண்டு, தோளில் பதியும் அளவுக்கு நீளுகிறதே ஒரு கட்டை... அதுதான்.

அந்தக் காலத்தில் துப்பாக்கிக்குக் கட்டை போடுவதே ஒரு தனித் தொழில். கையில் உளி, எதிரில் வால்நட் மரத்துண்டு. முதலில் குத்துமதிப்பாகப் பள்ளம் வெட்டிக்கொள்வார். பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, குழலின் அடியில் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுப்பார். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். அங்கே மட்டும் மெல்லிசாக ஒரு சீவு. மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சீவு... இப்படியே பல மணி நேரம்!

ஏன் இவ்வளவு மெனக்கெடல்? துப்பாக்கி வெடிக்கும்போது பின்னோக்கி உதைக்கும். இரும்பும் மரமும் எல்லா இடத்திலும் சமமாகத் தொட்டுக்கொண்டிருந்தால் உதையை மொத்தக் கட்டையும் பகிர்ந்துகொள்ளும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் முட்டிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் கட்டை பிளந்துவிடும். ரொம்ப இறுக்கமாக இருந்தாலும் வம்பு. மழைக்காலத்தில் நம்ம வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த மறுக்கிறது இல்லையா? அதேபோலக் கட்டையும் ஈரம் குடித்து உப்பி, குழலை ஒரு பக்கமாகத் தள்ளும். குறி தப்பும்.

இப்படிக் கையால் இழைத்துச் செய்த துப்பாக்கியில் ஒரு சிக்கல். ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் கட்டையும், இன்னொன்றின் விசையும் உடைந்துபோனால், நியாயமாக இரண்டையும் சேர்த்து ஒரு நல்ல துப்பாக்கி தேற்றலாம். முடியாது! ஒரு கொல்லர் அரத்தோடு வந்து உட்கார்ந்தால்தான் உண்டு.

1785-ல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்தவர் தாமஸ் ஜெஃபர்சன் (பின்னாளில் ஜனாதிபதியானாரே, அவர்தான்). ஹொனொரே பிளாங்க் என்கிற பிரெஞ்சுத் துப்பாக்கித் தொழிலாளியின் பட்டறைக்குப் போனார். ஐம்பது துப்பாக்கிகளின் விசைகள் அக்கக்காகப் பிரிக்கப்பட்டு, வகைவாரியாகப் பெட்டிகளில் கிடந்தன. கைக்கு வந்ததை எடுத்து ஜெஃபர்சன் தானே மாட்டிப்பார்த்தார். கச்சிதம்! அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். அதில் ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்: இப்போதைக்கு விசை மட்டும்தான் முடிந்திருக்கிறது, குழலும் கட்டையும் இனிமேல்தான்.

அமெரிக்காவில் அடுத்து களத்தில் இறங்கியவர் எலி விட்னி. பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் எந்திரம் செய்து பேர் வாங்கியவர். 1798-ல், 28 மாதத்தில் 10,000 துப்பாக்கி தருகிறேன் என்று அரசாங்கத்திடம் ஒப்பந்தம் போட்டார். கெடு முடிந்ததும் கைவசம் அதிகம் ஒன்றும் இல்லை. 1801-ல் தலைநகருக்குப் போய், பெரிய மனிதர்கள் முன்னிலையில் வெவ்வேறு விசைகளை ஒரே துப்பாக்கியில் மாற்றி மாற்றி மாட்டிக் காட்டினார். கைதட்டலும் கிடைத்தது, கால அவகாசமும் கிடைத்தது. எல்லாவற்றையும் கொடுத்து முடித்தபோது 1809! பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றின் பாகம் மற்றதில் சரியாகச் சேரவில்லை. 'இது இந்தத் துப்பாக்கிக்கு' என்று தனித்தனி அடையாளம் வேறு வெட்டி வைத்திருந்தார்கள். ஆக, அன்றைக்கு நடந்தது முன்கூட்டியே தயார் செய்துகொண்டு வந்த வித்தை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ரொம்ப காலம் புகழ் அவருக்குத்தான் போனது.

கட்டையின் முரண்டை நிஜமாகவே அடக்கியவர் தாமஸ் பிளான்சர்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1788-ல் பிறந்த கிராமத்துப் பையன். பேச்சு திக்கும். சின்ன வயசிலேயே ஆணி செய்யும் எந்திரத்தில் மூளையைச் செலுத்தியவர். துப்பாக்கிக் குழலின் வெளிப்புறத்தைக் கடைசல் பிடிக்க ஒரு எந்திரம் செய்தார். குழலின் பின்பகுதி முழு உருண்டை இல்லை, பட்டையாக இருக்கும். அதையும் இவருடைய எந்திரம் கடைந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அரசாங்க ஆயுதச்சாலையில் அதை நிறுவப் போனபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். குழல் தேய்க்கும் தொழிலாளிகள் வேலை போகப்போகிறதே என்று கவலையில் நிற்க, கட்டை செதுக்குபவர் ஒருவர் மட்டும் சிரித்தாராம். "என் வேலையை இவனால் ஒண்ணும் பண்ண முடியாது. துப்பாக்கிக் கட்டையை எந்தக் கடைசல் எந்திரம் கடையும்?" பிளான்சர்டின் காதில் அது விழுந்துவிட்டது. குதிரை வண்டியில் வீடு திரும்பும் வழியில் திடீரென்று, "கிடைச்சிடுச்சு!" என்று கத்தினாராம். ரோட்டில் போனவர்கள் 'பாவம், பைத்தியம்' என்று நினைத்துக்கொண்டார்களாம்.

என்ன கிடைத்தது? நம்ம ஊரில் தெருவோரம் டூப்ளிகேட் சாவி போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். பழைய சாவியை ஒரு பக்கம் பிடித்துவைத்து அதன் பற்களை ஒரு முள் தடவிக்கொண்டே போக, இன்னொரு பக்கம் புதுச் சாவியை வட்டக் கத்தி அதேபோல அறுத்துக்கொண்டே வரும். பிளான்சர்டின் எந்திரமும் அதே கணக்கு. ஒரு பக்கம் மாதிரிக் கட்டை, இன்னொரு பக்கம் வெறும் மரத்துண்டு. இரண்டும் சேர்ந்தே சுழலும். மாதிரியின் மேடு பள்ளத்தை ஒரு சக்கரம் தடவ, மரத்தை ஒரு வெட்டுச் சக்கரம் அப்படியே செதுக்கும். 1819-ல் காப்புரிமை வாங்கினார். அதோடு நிற்கவில்லை. வெளி வடிவம் வந்தால் போதுமா? குழலும் விசையும் உட்காரும் பள்ளம்தானே உயிர்நாடி! ஸ்பிரிங்ஃபீல்டிலேயே சில வருஷம் இருந்து, கட்டை வேலைக்கென்றே 14 எந்திரங்களை உருவாக்கினார்.

(காப்புரிமையை நீட்டித்துக்கொள்ள அவர் செய்த வேலை இன்னும் ஜோர். அதே எந்திரத்தில் அரசியல் தலைவர்களின் மார்பளவுச் சிலைகளைக் கடைந்து அமெரிக்கக் காங்கிரசிலேயே கொண்டுபோய் வைத்தார். காரியம் நடந்தது!)

இதற்கிடையே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதச்சாலையில் ஜான் ஹால் என்பவர் செய்த ரைஃபிள்களை ஒரு குழு சோதித்தது. பழைய துப்பாக்கிகள் நூறைப் பிரித்து, பாகங்களைக் கலந்துவிட்டு, புதுக் கட்டைகளில் மாட்டிப் பார்த்தார்கள். பொருந்தின! 1827-ல் வந்தது அந்த அறிக்கை. விட்னி மேடையில் காட்டியது இங்கே நிஜமாகவே நடந்தது.

இங்கிலாந்துக்காரர்கள் சுலபத்தில் நம்பவில்லை. பர்மிங்ஹாமில் அப்போது எல்லாமே சின்னச் சின்னப் பட்டறை, கைவேலை. 1854-ல் கிரிமியா போர் மூண்டு துப்பாக்கிக்கு அவசரம் வந்த சமயம், ஒரு குழு ஸ்பிரிங்ஃபீல்டில் போய் இறங்கியது. 1844-லிருந்து 1853 வரை வருஷத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைத் தாங்களே பொறுக்கி எடுத்தார்கள். பிரித்துக் கலந்தார்கள். தாங்களே ஒவ்வொரு பாகமாக எடுத்துக் கொடுக்க, ஒரு தொழிலாளி வெறும் திருப்புளியை வைத்துக்கொண்டு பத்தையும் பூட்டி முடித்தார். ஒரு கட்டை செய்ய எந்திரத்தில் ஆகும் ஆள் உழைப்பு சுமார் 22 நிமிடம் என்று, அதற்கு முந்தைய வருஷம் அமெரிக்கா வந்துபோன ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் எழுதியிருந்தார். உளிக்காரர் கதை அதோடு முடிந்தது. கட்டை எந்திரங்களை ஆர்டர் செய்துவிட்டுத்தான் குழு ஊர் திரும்பியது. அவை போய் இறங்கிய இடம், லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டு தொழிற்சாலை.

என்ஃபீல்டு... கேட்ட பெயராக இருக்கிறதா? 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, அந்தத் தோட்டா 1853 மாடல் என்ஃபீல்டு துப்பாக்கிக்குத்தான்.

ஆனால் இங்கேதான் ஒரு பொடி வைத்தது வரலாறு. என்ஃபீல்டு தொழிற்சாலையில் எந்திரம் ஓடினாலும், பர்மிங்ஹாம் பட்டறைகள் அதே மாடலைக் கையாலேயே தொடர்ந்து செய்தன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், பாகம் மாறாது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் இரு தரப்பும் இந்த ரகத்தை லட்சக்கணக்கில் வாங்கிக் குவித்தன. ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டப்போனவர்கள் மறுபடி அரத்தைத் தேட வேண்டியதாயிற்று. பெயர் ஒன்று, அளவு வேறு! இன்றைக்கும் அந்தப் பழைய துப்பாக்கிக்குப் புதுக் கட்டை வாங்கிப் போட நினைப்பவர் இதே சுவரில்தான் போய் முட்டிக்கொள்கிறார்.

சரி, எல்லாக் கட்டையும் ஒன்றுபோல ஆகிவிட்டது. ஆள் ஒன்றுபோல ஆவானா? இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் சிப்பாய் தூக்கிய லீ-என்ஃபீல்டில் இதற்கும் வழி வைத்தார்கள். கட்டை இரண்டு துண்டு. தோளில் பதியும் பின்கட்டை மட்டும் நான்கு நீளங்களில் வந்தது. சாதாரண அளவு, அதைவிட அரை அங்குலம் நீளம், அரை அங்குலம் குட்டை, ஒரு அங்குலம் குட்டை. கடைசி ரகத்துக்குப் பெயர் 'பேன்டம்', அதாவது குட்டைக் கோழி! முதல் உலகப் போரில் ஐந்தடி மூன்று அங்குலத்துக்கும் குறைவான உயரக்காரர்களை வைத்துத் தனிப் படைப்பிரிவுகளே அமைத்தார்கள். அவற்றுக்கும் அதே பெயர்தான்.

இந்தத் துப்பாக்கியின் முதல் உலகப் போர் ரகத்தில் ஒரு கண்ணி உண்டு. பின்கட்டையை நீளமான ஒரு போல்ட் பிடித்திருக்கும். அதன் சதுர முனை முன்கட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். விஷயம் தெரியாதவர் நேராகப் போல்ட்டைத் திருகினால், அந்த முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். முதலில் முன்கட்டையைக் கழற்ற வேண்டும். ஒரு கட்டையை மாற்றப்போய் இரண்டு கட்டைக்கும் செலவு வைத்துக்கொண்டவர்கள் உண்டு!

முன்கட்டையின் பின்கோடியில் இரண்டு சின்ன முகப்புகள் இருக்கும். உதை முழுவதும் வந்து விழுவது அங்கேதான். இரண்டும் சமமாகத் தொட வேண்டும். பல வருஷ உதையில் மரம் நசுங்கினாலோ, புதுக் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் தொட்டாலோ, குறி சிதறும். கொஞ்ச நாளில் விரிசலும் விழும். அதனால் புதுக் கட்டை வாங்கியவர்கள் இன்றும் கரியைக் குழைத்துப் பூசி, அழுத்தி எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலைக்காரர்கள் வால்நட்டுக்குப் பதில் உள்ளூர் மரங்களைப் போட்டுப் பார்த்தார்கள். அவை உதை தாங்காது என்று தெரிந்ததும் அந்த இரண்டு முகப்புகளிலும் செப்புத் தகடு பதித்தார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூர் தொழிற்சாலையில் நம்மவர்கள் கண்டுபிடித்தது வேறு வைத்தியம். கட்டை பிளக்காமல் இருக்க, முன்கட்டையின் குறுக்கே ஒரு ஸ்க்ரூவை இறக்கிவிட்டார்கள். வெளிநாட்டில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள், 'இது இந்தியாவில் செய்ததா?' என்று சந்தேகம் வந்தால், முதலில் அந்த ஸ்க்ரூவின் தலையைத்தான் தேடுகிறார்கள்.