ஒரு பிசின் ஆலையும் ரேம் விலையும்

கேம் விளையாடும் கம்ப்யூட்டர் திணறினால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் இரண்டுதான். ரேமைக் கூட்டு, இல்லையென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடு. வைத்தியம் சரிதான். ரேமில் இடம் போதாதபோது கம்ப்யூட்டர் மிச்சத்தை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். சுழலும் தட்டிலிருந்து அதைத் தேடி எடுத்து வருவதற்குள் திரை நின்று நின்று ஓடும். எதிரி நம்மைச் சுட்டுவிட்டே போயிருப்பான்!

கூடவே இன்னொரு யோசனையும் வரும். "கொஞ்ச நாள் பொறு, விலை இறங்கும்." வணிகவியல் படிப்பவனுக்கு இந்த வாக்கியம்தான் உறுத்துகிறது. பல பத்தாண்டுகளாக ரேம் விலை இறங்கி வந்திருப்பது உண்மை. ஆனால் நடுநடுவே திடீரென்று ஏறியும் இருக்கிறது. ஏன் ஏறியது என்று பார்த்தால் சுவாரசியமான கதைகள் கிடைக்கின்றன.

நீஹாமா, 1993

ஜப்பானின் ஷிகொகு தீவில் கடலோரம் இருக்கும் ஊர் நீஹாமா. எங்கள் சாகுபுரத்தைப் போல அங்கேயும் ஊருக்கு அடையாளம் ரசாயன ஆலைதான். 1993 ஜூலை 4 அன்று அங்கே சுமிடோமோ கெமிக்கல் நிறுவனத்தின் எபாக்சி பிசின் ஆலையில் வெடிவிபத்து நடந்தது. பிசினுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? ரேம் குச்சியில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கட்டம் தெரிகிறதே, அந்தக் கறுப்பு உறை இந்தப் பிசினால் ஆனது. உலகில் சிப் உறைக்குத் தேவைப்பட்ட பிசினில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஆலையிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

கையிருப்பு உடனே தீர்ந்துவிடவில்லை. ஆனால் பயம் முந்திக்கொண்டது. எல்லோரும் வாங்கிக் குவிக்க, சில வாரங்களில் ரேம் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'டூம்' விளையாட்டுக்கு 4 எம்பி ரேம் வேண்டும். 2 எம்பி வைத்திருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எபாக்சி பிசின் செய்யக் குளோரினும் வேண்டும், காஸ்டிக் சோடாவும் வேண்டும். இரண்டும் உப்பிலிருந்து வருபவை. சாகுபுரத்தில் 1950களின் கடைசியிலிருந்து டிசிடபிள்யூ ஆலை செய்துவரும் வேலையும் உப்பைப் பிரித்து இந்த இரண்டையும் எடுப்பதுதான். அந்த ஆலைக்கும் இந்த ஆலைக்கும் வியாபாரத் தொடர்பு உண்டு என்று சொல்ல வரவில்லை. உப்பளத்துக்கும் ரேமுக்கும் நடுவே நாம் நினைக்கும் தூரம் இல்லை, அவ்வளவுதான்.

பூகம்பம், வெள்ளம், கூட்டுச்சதி

1999 செப்டம்பர் 21 அதிகாலையில் தைவானில் பெரும் பூகம்பம். சிப் ஆலைகள் இடிந்து விழவில்லை. ஆனால் மின்சாரம் போனதால் உற்பத்தி நின்றது, ரேம் விலை மறுபடி எகிறியது.

2011 இறுதியில் தாய்லாந்தில் வெள்ளம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலைக்குள் தண்ணீர் புகுந்தது. சீகேட்டின் ஆலைகள் தப்பினாலும் அதற்கு உதிரிபாகம் தருபவர்கள் தப்பவில்லை. பல நாடுகளில் டிஸ்க் விலை இரண்டு மடங்கு வரை போனது. பழைய விலை திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இவையெல்லாம் விபத்துகள். மனிதர்கள் திட்டமிட்டுச் செய்ததும் உண்டு. 1999 முதல் 2002 வரை ரேம் தயாரிப்பாளர்கள் சிலர் தங்களுக்குள் பேசி வைத்து விலையை நிர்ணயித்தார்கள். அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. இன்ஃபினியானுக்கு 16 கோடி டாலர், ஹைனிக்ஸுக்கு 18.5 கோடி டாலர், சாம்சங்குக்கு 30 கோடி டாலர் அபராதம். பாடப்புத்தகத்தில் 'சிலர் முற்றுரிமை' என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

இன்று

அப்போது விற்பவர்கள் பலர் இருந்தார்கள். ஜெர்மனியின் கிமோண்டா 2009இல் திவாலானது. ஜப்பானின் எல்பிடா 2012இல் திவாலாக, அடுத்த ஆண்டு மைக்ரான் அதை வாங்கியது. இப்போது உலக ரேம் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று பேர் கையில்.

2025இல் செயற்கை நுண்ணறிவுக் கணினி மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கின. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் விலை சில மாதங்களில் மளமளவென்று ஏறியது. அந்த டிசம்பரில், கடைகளில் நாம் வாங்கும் 'குரூஷியல்' வியாபாரத்தை விட்டே விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர் வந்ததும் சில்லறை வாடிக்கையாளர் வரிசையின் கடைசிக்குப் போய்விட்டார்.

இந்தியா 1997இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2005க்குள் கம்ப்யூட்டர் பாகங்களுக்கான இறக்குமதி வரியை நீக்கியது. நல்லதுதான். ஆனால் வெளியூர் விலையும் டாலர் மதிப்பும் நேராக நம் ஊர்க் கடைக்கு வந்துவிடுகின்றன. குஜராத்தின் சானந்தில் அமைப்பதாக 2023இல் மைக்ரான் அறிவித்த ஆலையும் சிப்பை உறையிட்டுச் சோதிக்கும் ஆலைதான். சிப் உருவாவது வெளிநாட்டில்.

ஆக, "பொறு, இறங்கும்" என்பது பலர் போட்டி போட்ட காலத்து அறிவுரை. மூன்று பேர் மட்டும் விற்கும் சந்தையில் அதை நம்பி வருடக்கணக்கில் காத்திருப்பது சூதாட்டம் மாதிரிதான். மதர்போர்டில் இடம் காலியாக இருந்து, விளையாடும் கேமுக்கு ரேம் போதவில்லை என்றால், விலை கைக்கு எட்டும்போதே வாங்கிவிடுங்கள். உங்கள் போர்டு டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.