குதிரை செத்தால் யார் கணக்கு?

இணையத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைத்து, அது விற்றால் கமிஷன் வாங்கும் தொழிலை 1996இல் அமேசான் பரவலாக்கியது. அதற்குச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை கூட்டத்தை இழுப்பது பற்றியவை. காயல்பட்டினக் கரையின் பழைய வியாபாரமோ வேறொரு கேள்வியை முன்னால் வைக்கிறது: சரக்கு கெட்டால் நட்டம் யாருக்கு? விற்பவர் எவ்வளவு நேர்மையாகப் பேசுவார் என்பதை அந்த ஏற்பாடுதான் தீர்மானிக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைகளிலிருந்து வந்த கப்பல்கள் காயலில் குதிரைகளை இறக்கின. பாண்டியரோடு செய்த ஒப்பந்தத்தைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதிவைத்திருக்கிறார். கிஷ் தீவின் ஜமாலுத்தீன் தன் சொந்த இருப்பிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப வேண்டும்; குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் அரசன் கருவூலம் விலையைக் கொடுத்துவிடும். இந்தப் பக்கம் பாண்டியனின் அமைச்சராக இருந்து காயல் உள்ளிட்ட துறைகளைக் கவனித்த தகியுத்தீன் யார் என்றால், ஜமாலுத்தீனின் சகோதரர். மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார்: அரசர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை; குதிரை வைத்தியர்கள் இந்நாட்டுக்கு வராமல் வணிகர்களே தடுத்தார்கள். செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி!

போலோ சொன்ன காயல் இன்றைய காயல்பட்டினமல்ல, வடக்கே தாமிரபரணி முகத்துவாரத்துக்கு அருகே உள்ள பழையகாயல் என்றார் கால்டுவெல். இருக்கலாம், இரண்டுமே ஒரே கரையின் துறைகள், வாதம் அதனால் மாறாது. வைத்தியர் கதை துறைமுக வம்பு என்றும், குதிரைகளைக் கொன்றது வெயிலும் ஒவ்வாத தீனியும்தான் என்றும் சொல்லலாம். தீனியைப் பற்றிப் போலோவும் வஸ்ஸாபும் குறை சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் குதிரை பிழைத்திருப்பதில் விற்பவருக்கு ஒரு தினார்கூட லாபமில்லாத ஒப்பந்தத்தில், தீனியைத் திருத்த அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

அதே கடலில் முத்துச்சலாபம் வேறு கணக்கில் நடந்தது. போலோ காலத்தில் எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாவை மந்திரத்தால் கட்டிய கடல்கட்டிக்கு இருபதில் ஒன்று. முத்து கிடைக்காவிட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூத்துக்குடிச் சலாபத்தை நடத்திய ஆங்கில அரசு, முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டான பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் முத்தை வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிட்டு, முன்கூட்டியே விளம்பரம் செய்தது. குளியாட்களுக்குக் கூலி கிடையாது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை ஆயிரம் ஆயிரமாக, பிளக்காமலே ஏலம் விட்டார்கள். அங்கும் திருட்டு இருந்தது. தோணியிலேயே சிப்பியைப் பிளந்து முத்தை ஒளித்த கதைகள் ஏராளம், மாதிரியும் ஏமாற்றலாம். ஆனால் ஏலம் தினமும் நடந்தது. நேற்று வாங்கிய சிப்பியில் முத்து குறைந்தால் இன்று விலை இறங்கும். அந்த இறக்கம் அரசையும் தன் பங்கை விற்க வந்த குளியாளையும் ஒருசேர அடிக்கும். பொய் விளம்பரம் இரண்டு நாள் தாங்காது.

இணையத்தில் பணம் வாங்கிப் பரிந்துரைப்பவர் அதை வெளியே சொல்ல வேண்டும் என்று 2021இல் இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் விதி வகுத்தது. நல்ல விதிதான், ஆனால் போதாது. தகியுத்தீன் யாருடைய சகோதரர் என்பதைத் துறைமுகத்தில் யாரும் மறைத்ததாகத் தெரியவில்லை. தெரிந்தும் பாண்டியன் செத்த குதிரைக்குப் பணம் கொடுத்தான். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பரிந்துரைத்தவரின் கமிஷனை நிறுத்திவைத்து, திரும்பி வந்தால் அதைக் கழித்துவிடும் தளங்கள் இன்று இருக்கின்றன. அவை சலாபத்தின் கணக்குக்கு நெருங்கி வருகின்றன. சுட்டியைத் தட்டியதற்கே காசு கொடுக்கும் தளங்கள் இன்னும் ஜமாலுத்தீனின் ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன.