'அழுத்து' என்னும் ஏவல்: வீடியோ கேம்களில் கணநேரக் கட்டளையின் வரலாறு

கதைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு பொத்தானின் குறி தோன்றும். ஓரிரு நொடிக்குள் அதை அழுத்தினால் நாயகன் தப்புவான், தவறினால் வீழ்வான். ஆங்கிலத்தில் 'குயிக் டைம் ஈவென்ட்' என்றும், சுருக்கமாக 'க்யூடிஇ' என்றும் வழங்கும் இவ்வுத்தியைத் தமிழில் 'கணநேரக் கட்டளை' எனலாம். வீடியோ கேம் ஆடுவோர் நடுவே இதைப்போல் இகழப்பட்ட உத்திகள் குறைவு. இதைப்போல் விடாது திரும்பி வந்த உத்திகளும் குறைவு. இது விளையாட்டை வளப்படுத்துகிறதா, கெடுக்கிறதா என்னும் வழக்கைத் தீர்க்க முற்படுவோர் முதலில் இதன் வரலாற்றை நோக்க வேண்டும். ஏனெனில், ஒவ்வொரு காலகட்டத்திலும் இது வெவ்வேறு தேவையை நிறைவு செய்யவே கையாளப்பட்டிருக்கிறது.

1983இல் அமெரிக்காவின் ஆர்கேட் கூடங்களில் 'டிராகன்ஸ் லேர்' அறிமுகமாயிற்று. ரிக் டையரின் கருத்தாக்கத்துக்கு, 1979இல் டிஸ்னியை விட்டு விலகிய அசைவூட்டக் கலைஞர் டான் புளூத்தின் குழு படம் வரைந்தது. சினிமாட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. பிற விளையாட்டுகள் கட்டம் கட்டமான புள்ளிகளால் உருவம் காட்டிய காலத்தில், இது முழுநீளத் திரைப்படத்துக்கு நிகரான ஓவியத்தைக் காட்டியது. அதற்குக் காரணம் லேசர் டிஸ்க். அவ்வட்டின் ஒரு பக்கத்தில் 54,000 படச்சட்டங்கள், நொடிக்கு 30 வீதம் அரைமணி நேரப் படமாக அடங்கும். ஆனால் வட்டால் புதிதாக ஒரு படத்தையும் வரைய இயலாது. ஏற்கெனவே பதிந்த ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவ மட்டுமே இயலும். ஆகவே ஆடுபவருக்கு எஞ்சிய செயல் ஒன்றுதான்: உரிய கணத்தில் உரிய திசையையோ வாளையோ தேர்தல். சரியெனில் அடுத்த காட்சி. தவறெனில் சாவுக் காட்சி. அக்காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு 25 சென்ட் என்பது பொதுவழக்கு; இதற்கு 50 சென்ட் பெறப்பட்டது. ஆகவே ஒவ்வொரு தோல்வியும் கடைக்காரருக்கு வருவாயாயிற்று.

இவ்வாறு, கணநேரக் கட்டளையின் பிறப்பில் அழகியல் கொள்கை எதுவும் இல்லை. கருவியின் இயலாமையும் வணிகத்தின் கணக்குமே அதை ஈன்றன. 1985இல் ஜப்பானில் 'டைம் கேல்', 'ரோடு பிளாஸ்டர்' முதலியன இதே வழியில் வந்தன. கணினிகள் தாமே காட்சியை வரையும் வலிமை பெற்றபின், வட்டு விளையாட்டுகள் மங்கின. அவற்றோடு இவ்வுத்தியும் மறைந்திருக்க வேண்டும். ஆனால் மறையவில்லை.

1999 டிசம்பரில் சேகாவின் டிரீம்காஸ்ட் கருவிக்கு வெளிவந்த 'ஷென்மூ' அதற்கு மறுவாழ்வும் பெயரும் தந்தது. அதன் படைப்பாளர் யூ சுசுகி. 1986ஆம் ஆண்டின் யோகோசுகா நகரத்தில் நாயகன் ர்யோ ஹசுகி நடக்கிறான், கதவு திறக்கிறான், பிறரிடம் வினவுகிறான். அந்த அமைதியான அன்றாடத்தில் துரத்தலோ தாக்குதலோ திடீரென நேரும்போது மட்டும் பொத்தானின் குறி தோன்றுகிறது. இங்குக் கருவி இயலாமையால் தவிக்கவில்லை. சேகா நாடியது வேறு: திரைப்படக் காட்சிக்கும் விளையாட்டுக்கும் இடையிலான தையலை மறைத்தல். காட்சி ஓடும்போதும் ஆடுபவர் விழிப்போடு இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

2005இல் இரு விளையாட்டுகள் அந்நோக்கத்தை இருவேறு திசைகளில் கொண்டு சென்றன. ஷின்ஜி மிகாமி இயக்கிய 'ரெசிடென்ட் ஈவில் 4' கதைக்காட்சியின் நடுவிலேயே சாவை ஒளித்துவைத்தது. க்ராவ்சருடன் நிகழும் கத்திச் சண்டை பார்ப்பதற்குரிய படம் போலத் தொடங்கும். கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்தவர் மாண்டுபோவார். 'காட் ஆஃப் வார்' அவ்வாறு பதுங்கியிருந்து தாக்கவில்லை. ஆடுபவர் தம் திறனால் பகைவனைத் தளர்த்திய பின்னரே அவன் தலைமேல் குறி தோன்றும். ஏற்பதும் விடுவதும் ஆடுபவரின் விருப்பம். முன்னது பொறி, பின்னது பரிசு. இரண்டும் பெருவெற்றி பெற்றதால் அடுத்த பத்தாண்டுகளில் அதிரடி விளையாட்டுகள் பலவும் இவ்வுத்தியை எடுத்தாண்டன. அதன்மேல் வெறுப்பு வளர்ந்ததும் அப்போதுதான்.

அவ்வெறுப்பின் வேரை மொழியியல் நோக்கில் எளிதாக விளக்கலாம். வழக்கமான விளையாட்டில் ஒவ்வொரு பொத்தானுக்கும் நிலைத்த பொருள் உண்டு: ஒன்று தாவுதல், மற்றொன்று வெட்டுதல். அவை வினைச்சொற்கள் போன்றவை. ஆடுபவர் அவற்றைக் கோத்துத் தம் வாக்கியத்தைத் தாமே அமைக்கிறார். கணநேரக் கட்டளையில் அந்த இலக்கணம் ஒருகணம் செயலிழக்கிறது. சற்றுமுன் தாவுதலைக் குறித்த பொத்தான் இப்போது கழுத்தை நெரிப்பதையும், அடுத்த நொடியில் கதவை உதைப்பதையும் குறிக்கிறது. நன்னூலின் சொல்லில் கூறினால் அது வெறும் இடுகுறி. திரை ஏவுகிறது, கை படிகிறது. பேசிக்கொண்டிருந்தவர் திடீரென, சொல்வதை எழுதும் மாணவராகிவிடுகிறார். மேலும், குறியைத் தேடும் கண் காட்சியைக் காண்பதில்லை. பெரும்பொருள் செலவிட்டு உருவாக்கிய காட்சியை அதை ஆடுபவரே பார்க்க முடியாமற்போவது இதன் பெருமுரண்.

சில படைப்பாளர்கள் இக்குறைகளை உணர்ந்தே இருந்தனர். 2010இல் வந்த 'காட் ஆஃப் வார் 3' குறிகளைத் திரையின் நான்கு விளிம்புகளுக்கு நகர்த்தியது. பொத்தான் கருவியில் எத்திசையில் உள்ளதோ, குறியும் திரையில் அத்திசையில் தோன்றும். கண் நடுவில் நிலைத்திருக்க, ஓரப்பார்வையே போதுமானதாயிற்று. அதே ஆண்டில் டேவிட் கேஜ் இயக்கிய 'ஹெவி ரெயின்' இடுகுறியைக் காரணக்குறியாக்க முயன்றது. சேற்றுச் சரிவில் ஏறும் துப்பறிவாளருக்காக ஆடுபவர் ஒரு பொத்தானை விடாமல் அடுத்ததையும், அதையும் விடாமல் மூன்றாவதையும் பற்ற வேண்டும். விரல்கள் பின்னிக்கொள்ளும் அத்தொல்லை, வழுக்கும் உடலின் தொல்லையை ஒத்திருக்கிறது. குறிக்கும் பொருளுக்கும் இடையே ஓர் உறவு பிறக்கிறது.

இவ்விடத்தில் எதிர்க்கேள்வி ஒன்றையும் எண்ண வேண்டும். 1996இன் 'பராப்பா த ராப்பர்', 1998இன் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' ஆகிய தாள விளையாட்டுகள் தொடக்கம் முதல் இறுதிவரை திரை ஏவ, ஆடுபவர் அழுத்துவதாகவே அமைந்தவை. அவற்றை அக்காரணத்துக்காக எவரும் இகழ்வதில்லையே! அங்குத் தாளம் அடுத்த கணத்தை முன்கூட்டியே உணர்த்துகிறது. யாப்பறிந்த செவி அடுத்த சீரை எதிர்நோக்குவது போல, கையும் அடுத்த அடியை எதிர்நோக்குகிறது. எதிர்பாராத குறிக்கோ உடல் எதிர்வினை மட்டுமே புரிய முடியும். ஒற்றைக் குறியைக் கண்டு விரல் அசைய ஏறத்தாழ கால் நொடி ஆகும். தேர்வுகள் கூடக்கூட நேரமும் கூடும் என்பதை வில்லியம் ஹிக் 1952இலேயே காட்டினார். ஆகவே ஏவல் மட்டும் குற்றமன்று; எதிர்நோக்க இடந்தராத ஏவலே குற்றம்.

அதனினும் ஆழமான வேறுபாடு தோல்வியின் பொருளில் இருக்கிறது. 'டிராகன்ஸ் லேர்' மரபில் தவறினால் சாவு, மீண்டும் அதே காட்சி; தோல்விக்குக் கதையில் இடமில்லை. 2013இன் 'ரைஸ்: சன் ஆஃப் ரோம்' எதிர்முனைக்குச் சென்றது: பொத்தானை அழுத்தாவிட்டாலும் பகைவன் வீழ்ந்துவிடுவான், பரிசு மட்டும் குறையும். அங்குத் தோல்வியே இல்லாததால் வெற்றியும் வெறுமையாயிற்று. 'ஹெவி ரெயின்' மூன்றாம் வழியைத் தேர்ந்தது. தவறவிட்டால் காட்சி வேறு திசையில் செல்லும். முதன்மை மாந்தர் இறந்தாலும் எஞ்சியோருடன் கதை முடிவை எட்டும். அங்குத் தவறிய விரலும் கதை சொல்கிறது. இவ்வழி அரிதாக இருப்பதன் காரணம் பொருளாதாரமே: கிளைக்கும் ஒவ்வொரு காட்சியையும் உருவாக்கியாக வேண்டும், ஆடுவோருள் பலர் அவற்றுட் பலவற்றைக் காணவே மாட்டார்கள்.

கெடுக்கிறது, வளப்படுத்துகிறது என வழக்காடும் இருதரப்பாரும் நெடுங்காலம் மறந்தோர் ஒருவகையினர் உண்டு. நடுங்கும் கை, ஒற்றைக் கை, மூட்டுவலியுற்ற விரல் உடையோர்க்கு இது சுவை பற்றிய வழக்கன்று. கதையின் வாயிலே அடைபடும் இடம். ஒரு பொத்தானை நொடிக்குப் பலமுறை தட்டச் சொல்லும் காட்சியில், மணிக்கணக்காக ஆடிவந்த ஒருவரின் பயணம் நின்றுவிடலாம். 2018இன் 'ஸ்பைடர்மேன்' இக்கட்டளைகள் தாமே நிறைவேறும் தெரிவைத் தந்தது. 2020இன் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' தட்டுதலை ஒரே அழுத்தமாக மாற்றிக்கொள்ளும் தெரிவு உட்பட 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. அத்தெரிவுகளால் பிறர் ஆட்டத்தில் எதுவும் குறையவில்லை. விளையாட்டுக்கு அந்த வேகச் சோதனை உண்மையில் எத்துணைத் தேவையாயிருந்தது என்பதற்கு இதுவே சான்று.

2023இல் 'ரெசிடென்ட் ஈவில் 4' மீளுருவாக்கம் பெற்றபோது பழைய கணநேரக் கட்டளைகளுட் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. க்ராவ்சருடனான கத்திச் சண்டை நீங்கவில்லை; ஆடுபவர் தாமே கத்தியால் தடுத்துத் தாக்கும் முழு ஆட்டமாக மாறியது. திரை ஏவிய வாக்கியத்தை ஆடுபவரே பேசும்படி திருப்பிக் கொடுத்தது அம்மாற்றம். இனி இவ்வுத்தியை ஆராய்வோர், 'நன்றா, தீதா' என்பதோடு நில்லாமல் மூன்று வினாக்களை எழுப்பலாம்: குறிக்கும் செயலுக்கும் உறவு உண்டா? ஆடுபவர் அக்கணத்தை எதிர்நோக்க இடமுண்டா? தவறினால் கதைக்குச் சொல்ல ஏதேனும் உண்டா? மூன்றுக்கும் 'இல்லை' என்றே விடை வருமாயின், அங்கு இருப்பது 1983இன் நாணயப் பெட்டியின் எச்சம் மட்டுமே.