புகைச் சட்டமும் வீட்டு சூப்பர்சார்ஜரும்

அமெரிக்காவில் வீட்டு வாசலிலேயே காரைப் பிரித்துப்போட்டு சூப்பர்சார்ஜர் மாட்டுகிறவர்களுக்குப் பரம்பரை எதிரி ஒன்று உண்டு: புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1970இன் தூய காற்றுச் சட்டம் வந்துதான் நல்ல என்ஜின்களெல்லாம் மூச்சுத் திணறிப்போயின, கணினி என்ற பூட்டுப் பெட்டி காருக்குள் வந்து உட்கார்ந்தது என்று அவர்கள் குறைபட்டுக்கொள்வது வழக்கம். 1970களில் அந்நாட்டு என்ஜின்களின் குதிரைத்திறன் சரிந்ததைப் பார்த்தால் அந்தக் கோபம் நியாயமற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கைத்தொழிலின் வரலாற்றைப் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சொந்தமாக சூப்பர்சார்ஜர் மாட்டிய காரில் ஒருவர் தினமும் வேலைக்குப் போய்வர முடிகிறதென்றால், அதற்கு வேண்டிய கருவிகளை ஏறக்குறைய முழுவதுமாக அவர் கையில் கொண்டுவந்து சேர்த்தது அந்தச் சட்டமும் 1975இல் வந்த எரிபொருள் சிக்கன விதிகளும்தான்.

சூப்பர்சார்ஜரின் வேலையான, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது ஒரு காலத்திலும் பெரும்பாடாக இருந்ததில்லை. இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இலேயே, ஒரு கூட்டுக்குள் இரண்டு உருளிகள் ஒன்றோடொன்று உரசாமல் எதிரெதிராகச் சுழன்று காற்றைத் தள்ளும் ஊதிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். பெட்ரோல் கார் என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. காட்லீப் டைம்லர் 1885இல் என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் யோசனையைப் பதிவு செய்தார். 1921இல் மெர்சிடிஸ் சூப்பர்சார்ஜர் பூட்டிய சாலைக் கார்களைக் காட்சிக்கு வைத்தது. ஏழை ரேஸ் பிரியனுக்கு இந்த ஊதி கிடைத்த வழிதான் வேடிக்கையானது. ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் கொண்டுவந்த டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜின்கள், எரிந்த புகையை வெளியே தள்ள ஊதியின் துணையில்லாமல் ஓடமாட்டா. சிலிண்டருக்கு 71 கன அங்குலம், ஆறு சிலிண்டர், ஆகவே அதன் பெயர் 6-71. பஸ், லாரி, போர்க்காலப் படகு என்று எங்கும் ஓடிய அந்த என்ஜின்களின் ஊதிகள் போருக்குப் பிறகு காயலான் கடைக்கு வந்தபோது, கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றைத் தூக்கிவந்து பெட்ரோல் என்ஜின் தலையில் உட்காரவைத்தார்கள். ஆக, ஊதி மலிவாகவே கிடைத்தது. அதற்கு ஈடான பெட்ரோல் கணக்குதான் அவர்களிடம் இல்லை.

அந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்று பார்க்கலாம். வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் 6 பவுண்டு அழுத்தினால், சூடேறுவதைக் கழிக்காமல் பார்த்தால், சிலிண்டருக்குள் சுமார் 40 சதவீதம் கூடுதல் காற்று போகிறது. சாதாரண ஓட்டத்தில் எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று போதும். முழு அழுத்தத்தில் வெப்பத்தைத் தணிக்க 12 பங்கு, சில என்ஜின்களில் அதற்கும் சற்றுக் கீழே கொண்டுவர வேண்டும். பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி சற்று முந்தி அடித்தாலோ நாக்கிங் தொடங்கும். மூலையில் மிஞ்சியிருக்கும் கலவை தானாகவே வெடித்து, சில நொடிகளில் பிஸ்டன் விளிம்பை உருக்கிவிடும். எனவே அழுத்தம் ஏற ஏறப் பொறியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரு பவுண்டுக்கு ஒரு டிகிரி என்பது பட்டறைகளில் புழங்கும் தோராயக் கணக்கு.

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. கணினியும் சென்சாரும் இல்லாமலே நாற்பதாண்டுகள் ஊதி பூட்டி ஓட்டினார்களே? ஓட்டினார்கள், உண்மை. ஆனால் எதை, எங்கே ஓட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். டிராக் ஸ்ட்ரிப்பிலும் பானவில் உப்புவெளியிலும் என்ஜின் முழுத் திறப்பில் சில நொடிகளோ நிமிடங்களோ ஓடுகிறது. பலர் பெட்ரோலை விட்டு மெத்தனால் ஊற்றினார்கள். அது கலவை மிகச் செறிவாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளும், ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றையும் குளிரவைக்கும். அளவு சரியா என்று பார்க்க முழு வேகத்தில் என்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பீங்கானின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி பிடித்திருந்தால் அதிகம். தேர்ந்த கண்ணுக்கு அது நல்ல சாட்சிதான், ஆனால் ஒரே ஒரு வேகத்தைப் பற்றிய சாட்சி. சிக்னலில் நின்று, மேடேறி, குளிர்காலக் காலையில் முதல் சாவியிலேயே கிளம்ப வேண்டிய காருக்கு நூறு நிலைகள் உண்டு. அத்தனைக்கும் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

அந்த நூறு நிலைகளையும் அளக்க வேண்டிய கட்டாயம் யாருக்கு வந்தது? கார் நிறுவனங்களுக்கு. புகையிலுள்ள மூன்று நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கும் வினையூக்கி, கலவை 14.7க்கு மிக நெருக்கமாக இருந்தால்தான் வேலை செய்யும். எந்தக் கார்புரேட்டராலும் தனியாக அவ்வளவு துல்லியமாக நிற்க முடியாது. புகைக்குழாயிலேயே ஆக்சிஜனை முகர்ந்து பார்க்கும் சிர்க்கோனியா சென்சாரை பாஷ் உருவாக்கியது. 1976இல் கலிஃபோர்னியாவுக்குப் போன வோல்வோ கார்களில் அது முதலில் வந்தது. ஈயம் பட்டால் சென்சாரும் வினையூக்கியும் கெட்டுவிடும்; வினையூக்கிக்காகவே ஈயமற்ற பெட்ரோல் 1974லேயே விற்பனை நிலையங்களுக்கு வந்திருந்தது. ஈயம் போனதால் நாக்கிங்கைத் தாங்கும் சக்தி குறைந்தது என்று ரேஸ்காரர்கள் புலம்பினார்கள். ஈயம் இருந்திருந்தால் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் சென்சார்கள் நெடுநாள் தாங்கியிருக்காது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமெரிக்க பெட்ரோல் கார்கள் அனைத்திலும் கணினியை வைத்தது. சில ஆண்டுகளில் இன்ஜெக்டர், வெப்பமானி, த்ராட்டில் சென்சார், அழுத்த சென்சார் எல்லாம் காயலான் கடையில் குவிந்தன. அந்தக் குவியலில் ஈட்டன் நிறுவனத்தின் நவீன ஊதியும் சேர்ந்தது. ஃபோர்டு 1989 தண்டர்பேர்டில் அதைப் பூட்டியது வி6ஐக் கொண்டு வி8 வேலையை வாங்கத்தான். சிக்கன விதிகளின் நெருக்கடி இல்லாத நாட்டில் அந்த வேலையை ஒரு பெரிய வி8 அலட்டாமல் செய்திருக்கும்.

தொழில்நுட்பம் எப்படியும் வந்திருக்கும், சட்டம் எதற்கு என்று கேட்கலாம். வந்தது, பிழைக்கவில்லை. பென்டிக்ஸ் நிறுவனத்தின் மின்னணு இன்ஜெக்‌ஷன் 1958 கிரைஸ்லர் கார்களில் விற்பனைக்கே வந்தது. கொஞ்சம் கார்களோடு நின்றுபோய், விற்றவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டரைத் திரும்ப மாட்ட வேண்டியிருந்தது. அந்த வழியில் உருவான பாஷ் அமைப்பு 1967இல் ஃபோக்ஸ்வாகனில் நிலைத்ததற்கு அமெரிக்கப் புகை விதிகள் பெரிய காரணம். ஐரோப்பாவின் சிறிய கார்கள் வினையூக்கி கட்டாயமான 1990களின் தொடக்கம்வரை கார்புரேட்டரை விடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர் பைக்குகளில் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டது 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோதுதான். அந்தத் தொழில்நுட்பத்துக்கு அப்போது வயது அரை நூற்றாண்டைத் தாண்டியிருந்தது.

இருந்தும் கருவிகள் குவிந்த உடனே வீட்டிலேயே ஊதி மாட்டுகிறவருக்கு வழி திறந்துவிடவில்லை. கார்க் கணினியின் அழுத்த சென்சார் வளிமண்டல அழுத்தம்வரைதான் படிக்கும். ஊதி அதற்கு மேல் அழுத்துவது அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே கணினியை ஏமாற்றும் குறுக்குவழிகள் பிறந்தன. பெட்ரோல் குழாயின் அழுத்தத்தை ஊதியோடு சேர்த்து ஏற்றும் ரெகுலேட்டர் அவற்றுள் பிரபலமானது. ஆனால் இன்ஜெக்டரில் பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலப்படிதான் கூடும். அழுத்தத்தை இரட்டித்தாலும் 41 சதவீதம்தான் கூடுதலாகக் கிடைக்கும், அதற்குள் பம்ப் திணறத் தொடங்கிவிடும். பொறியோ பழைய இடத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். இன்னொரு கூட்டம் ஜெனரல் மோட்டார்ஸ் கணினியின் நினைவுச் சிப்பைக் கழற்றி, புற ஊதா ஒளியில் அழித்து, உள்ளிருந்த எண்களை மாற்றி எழுதியது. இந்தச் சிப் தனியாகக் கழற்றும்படி இருந்ததற்கும் காரணம் உண்டு: ஒரே கணினியைப் பல என்ஜின்களுக்கும், கலிஃபோர்னியாவுக்கு ஒன்று மற்ற மாநிலங்களுக்கு ஒன்று என்ற புகைக் கணக்குகளுக்கும் பொருத்த வேண்டியிருந்தது.

2001இல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரு பொறியாளர்கள் வெளியிட்ட மெகாஸ்குவர்ட், பற்றவைத்துச் சேர்க்க வேண்டிய உதிரிகளாக வந்த ஒரு கணினி. 250 கிலோபாஸ்கல்வரை, அதாவது வளிமண்டலத்தின் இரண்டரை மடங்குவரை, படிக்கும் சென்சார் அதில் இருந்தது. எரிபொருள் கணக்கு எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் அடங்கியது. ஆனாலும் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அது சொல்லாது. அதைச் சொல்ல, கலவை எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண்ணாகவே காட்டும் அகலப்பட்டை சென்சார் வேண்டும். பழைய சென்சார் ‘அதிகம்’, ‘குறைவு’ என்ற இரண்டைத்தான் சொல்லும். மலிவான வழி ஹோண்டாவிலிருந்து வந்தது. 1992இன் சிவிக் விஎக்ஸ் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதற்கென்றே செய்த கார். பெட்ரோல் குறைந்த கலவையில் ஓட அதற்கு அப்படியொரு சென்சார் தேவைப்பட்டது. ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று பார்த்தவர்களுக்காகச் செய்த அந்தக் கருவியை, ஊதி பூட்டியவர்கள் தங்கள் புகைக்குழாயில் திருகினார்கள். அதன்பின் வேலை வெறும் விகிதக் கணக்கு. 4,500 சுற்று, 140 கிலோபாஸ்கல் கட்டத்தில் 82 என்று இருக்கிறது, வேண்டியது 11.8, சென்சார் காட்டுவது 13.2 என்றால், 82ஐ 13.2ஆல் பெருக்கி 11.8ஆல் வகுத்தால் சுமார் 92. அதை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

கடைசி ஆட்சேபம்தான் கனமானது. கருவி தந்த அதே சட்டம், இதைச் சாலையில் ஓட்டாதே என்றும் சொல்கிறது. கலிஃபோர்னியாவில் சான்று பெற்ற சூப்பர்சார்ஜர் தொகுப்புகளுக்குத்தான் இடம்; அந்தச் சான்றுக்கான ஆய்வகச் சோதனைச் செலவைத் தனி ஆள் தாங்கமாட்டார். 1996இல் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக்கப்பட்ட கண்டறியும் சாக்கெட் வழியாகத்தான் இன்று பலர் தங்கள் என்ஜினைப் படிக்கிறார்கள். 2021 ஜூலை முதல் கலிஃபோர்னியப் புகைச் சோதனை அதே சாக்கெட் வழியாகக் கணினியின் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறது. இந்தத் தடை நியாயம் என்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் முழு அழுத்தத்தில் 12க்கு 1 என்று ஓடும் என்ஜின் வினையூக்கியைத் தாண்டிக் கார்பன் மோனாக்சைடைக் கொட்டுகிறது, அதைச் சுவாசிப்பவர் பின்னால் நிற்பவர். ஆனால் இந்தத் தடையால் என் வாதம் பலவீனப்படவில்லை. மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கூர்மையான கருவியைச் சட்டம் கேட்டது. மாற்றுகிறவருக்கும் அதே கருவிதான் தேவைப்பட்டது.