எல்லையில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார்

இந்தியாவில் கிட்டார் என்றால் எல்லோரும் நேராக கோவா, ஷில்லாங் என்று போய்விடுவார்கள். களியக்காவிளை தாண்டி பாறசாலை, இன்னும் கொஞ்சம் போனால் நெய்யாற்றின்கரை... இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் எலெக்ட்ரிக் கிட்டார் பிடிக்கப் படித்தது அங்கேதான். கடல் தாண்டி வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபிறகு, அந்தக் கிட்டார் அங்கே எப்படி வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

1956 நவம்பர் 1-ம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவோடு நின்றது. கோடு போட்டார்கள், சரி. பாட்டுக்கு யார் கோடு போடுவது? அதற்கு நூறு வருஷம் முன்பே பாறசாலை லண்டன் மிஷனின் ஊர். ஜான் ஆப்ஸ் என்ற மிஷனரி அங்கே இருந்து வேலை செய்து, 1870-ல் தன் திருவிதாங்கூர் அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். நெய்யாற்றின்கரை பக்கம் திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847-1916) கர்நாடக மெட்டில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் தமிழில் போட்டுக் கொடுத்த வழி அது. கூடவே நாலு குரலில் பிரிந்து பாடும் பாமாலைகளும் வந்தன. ஆகவே கார்டு என்றால் என்ன என்று எங்க ஊர்ப் பையன்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதற்குள்ளேதான் நின்றார்கள்.

என் மாஸ்டரும் அப்படி ஒரு பாடகர் குழுப் பையன்தான். பேர் போடவேண்டாம் என்பது அவர் கட்டளை, அதனால் மாஸ்டர். எழுபதுகளின் கடைசியில் சென்னைக்குப் போனார். மலையாளப் பாட்டும் அப்போது பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாகும். 1980-ல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி ஸ்டூடியோ திறந்தபிறகுதான் ஊர்ப்பக்கமே வேலை கிடைக்க ஆரம்பித்தது. கிட்டார்காரனுக்கு அது நல்ல காலம். தன்ராஜ் மாஸ்டரிடம் படித்து, சலில் சௌத்ரிக்குக் கிட்டார் வாசித்த இளையராஜா 1976-ல் இசையமைப்பாளராகிவிட்டார். கிட்டார் கை உள்ளவர் மெட்டுப் போட்டால் கிட்டாருக்கு வேலை இல்லாமலா போகும்!

நான் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். முதல் மாதம் இடது கைக்கு வேலையே இல்லை. வலது உள்ளங்கை ஓரத்தை பிரிட்ஜ் மேல் லேசாக வைத்து, தந்தியை அமுக்கி, தாளத்துக்கு 'டுக் டுக்' என்று அடிக்கவேண்டும். அவ்வளவுதான். "மக்கா, சத்தம் உண்டாக்க எல்லாருக்கும் தெரியும். நிறுத்தத் தெரியணும். கேட்டியா?" என்பார். ஆம்ப்ளிஃபயரில் தொடாத தந்திகூட இரையும். முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே டேக்கில் வாசித்த காலத்தில், ஒரு தந்தி இரைந்தால் வயலின்காரர்கள் உட்பட எல்லோரும் முதலிலிருந்து வாசிக்கவேண்டும். அந்தப் பயம்தான் அவருக்கு வாத்தியார்.

அடுத்தது தந்தியை வளைப்பது. மூணாவது தந்தி, ஏழாவது கட்டை. அங்கே அழுத்தி, ஒன்பதாவது கட்டையின் சுரம் வரும்வரை தள்ளவேண்டும். முதலில் ஒன்பதை வாசித்துக் காதில் வாங்கிக்கொள். பிறகு ஏழிலிருந்து போய் அதைத் தொடு. ஒரு விரலால் தள்ளாதே, பின்னால் ரெண்டு விரல் முட்டுக்கொடுக்கட்டும், மணிக்கட்டு திரும்பட்டும். வீணையில் தந்தியை இழுப்பது இதே சங்கதிதான் என்பார். (அதே பாறசாலையில் பிறந்த பொன்னம்மாள்தான் 2006-ல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண். சின்ன ஊர்தான், ஆனால் சுருதி உள்ள ஊர்.)

மாஸ்டர் ஊர் திரும்பியதற்குக் காரணம் ரகசியம் இல்லை. கீபோர்டும் சாம்ப்ளரும் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன. 1992-ல் 'ரோஜா' வந்தபிறகு வேலை செய்யும் முறையே மாறியது. ஐம்பது பேர் ஒன்றாக உட்காருவதற்குப் பதில் ஒவ்வொருவராக வந்து வாசித்துவிட்டுப் போகலாம். சிலர் வரவே வேண்டாம். நான் ரஹ்மான் ரசிகன்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த வசதிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று சொல்லாமல் போவது சரியில்லை. மாஸ்டர் பிறகு பாறசாலைப் பக்கம் கோயில் திருவிழாவில் மலையாள கானமேளா, களியக்காவிளை பக்கம் மாதா திருவிழாவில் தமிழ் மெல்லிசை என்று வாசித்தார். அதே ஆம்ப், அதே சட்டை :-)

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அந்தக்கால ரெக்கார்டு உறைகளைப் பாருங்கள். இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பேர் இருக்கும். வாசித்தவன் பேர் இருக்காது. 'இளைய நிலா' (1982) கிட்டார் ஆர். சந்திரசேகருடையது என்பதே பலருக்கு ரொம்பப் பின்னால், பேட்டிகள் வழியாகத்தான் தெரியவந்தது. மாஸ்டருக்கோ தான் வாசித்த பாதிப் பாட்டு எந்தப் படம் என்றே தெரியாது. கால்ஷீட் வரும், போவார், நோட்ஸ் பார்த்து வாசிப்பார், சம்பளம் வாங்கி வெளியே வருவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வைத்திருந்தார். தேதி, ஸ்டூடியோ, இசையமைப்பாளர், கிடைத்த பணம். அவர் மகள் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு, அந்தத் தேதிகளை ஒட்டி வெளிவந்த படங்களின் பாட்டுகளை ஹெட்ஃபோனில் கேட்கிறேன். வளைத்த சுரத்தை விடும்போது அவர் உள்ளங்கையால் டக்கென்று அமுக்குவார், கடைசியில் ஒரு சின்ன 'ப்' சத்தம் மிஞ்சும். இதுவரை மூணு பாட்டில் அது கேட்டிருக்கிறது. இரண்டு மலையாளம், ஒன்று தமிழ்.